கணக்குக்கு ஒரு நாடு, கார்டுக்கு ஒரு நாடு: வெளிநாட்டு வாழ்க்கையில் சந்தாக்கள்

வெளிநாட்டுக்குக் குடிபெயர்கிறவர்கள் போடும் பட்டியலில் விசா, வீடு, வங்கி, பிள்ளைகளின் பள்ளி எல்லாம் இருக்கும். மாதாமாதம் கட்டும் சந்தாக்கள் இருக்காது. இணையத்தில் இருப்பதுதானே, எங்கே போனாலும் கூடவே வந்துவிடும் என்று நினைப்போம். நாங்கள் குடும்பமாக நாடு மாறி வாழத் தொடங்கிப் பல வருடங்கள் ஆகின்றன. இந்தக் காலத்தில் தெரிந்தவர்கள் என்னைக் கூப்பிட்டுக் கேட்ட கேள்விகளில் பெரும்பகுதி சந்தாக்களைப் பற்றியவைதான். "ஊர் பேங்க் ஆப் இங்கே இறங்க மாட்டேங்குது." "இங்கத்த கார்டைப் போட்டா ஏத்துக்க மாட்டேங்குது." "ஃபேமிலி பிளான்ல இருந்து என்னை மட்டும் எடுத்துடுச்சு." கேட்பவர் ஏதோ தன் கணக்கில் மட்டும் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருப்பார். பெரும்பாலும் கோளாறே இருக்காது. விதியே அப்படித்தான்.

நீங்கள் எந்த நாட்டில் வாழ்பவர் என்று ஒரு நிறுவனம் கண்டுகொள்ள நான்கு வழிகள் உண்டு. கணக்குத் தொடங்கியபோது பதிவான நாடு ஒன்று. கார்டைக் கொடுத்த வங்கியின் நாடு ஒன்று. இந்த நிமிடம் நீங்கள் எங்கிருந்து இணையத்தில் நுழைகிறீர்கள் என்பது ஒன்று. வீட்டு முகவரியும் கைபேசி எண்ணும் சொல்லும் நாடு ஒன்று. ஒரே நாட்டில் இருக்கும்வரை இந்த நான்கும் ஒன்றாகவே இருப்பதால் நமக்கு இது உறைப்பதில்லை. நாடு மாறியதும் நான்கும் நான்கு பக்கம் இழுக்கும். எந்தச் சேவை எதைப் பார்க்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். எதை முதலில் மாற்றுவது, எதைக் கடைசியில் மாற்றுவது என்பது மீதிப் பாதி. நான் பார்த்த பண இழப்புகளில் அநேகமாக எல்லாமே வரிசை தப்பியதால் வந்தவை.

நிறுவனங்கள் இவ்வளவு துருவுவது ஏன் என்று எனக்கும் முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. காரணங்கள் தெரிந்தபின் எரிச்சல் குறைந்தது. படம், தொடர், விளையாட்டு ஒளிபரப்பு ஆகியவற்றின் உரிமைகள் நாடு நாடாகத்தான் விற்கப்படுகின்றன. ஒரே தொடர் இந்த நாட்டில் ஒரு நிறுவனத்திடமும் பக்கத்து நாட்டில் வேறொன்றிடமும் இருக்கும். விலையும் அந்தந்த நாட்டின் வருமானத்தைப் பார்த்து வைக்கப்படுகிறது. அதிகம் பேசப்படாத இன்னொரு காரணம் வரி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015 ஜனவரியிலிருந்து, டிஜிட்டல் சேவை வாங்குபவர் எந்த நாட்டில் இருக்கிறாரோ அந்த நாட்டின் மதிப்புக் கூட்டு வரியைத்தான் வசூலிக்க வேண்டும். வாங்குபவர் அங்கேதான் இருக்கிறார் என்பதற்குச் சான்றாகச் சட்டம் சொல்பவை என்னென்ன தெரியுமா? பில் முகவரி, இணைய இணைப்பின் ஐபி முகவரி, வங்கி விவரம், சிம் கார்டின் நாட்டுக் குறியீடு போன்றவைதான். நான் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இதற்குள் அடக்கம். கார்டு ஒரு நாட்டையும் ஐபி முகவரி இன்னொரு நாட்டையும் காட்டினால் அவர்கள் தயங்குவதற்குப் பின்னால் இப்படி ஒரு வரிக் கணக்கும் இருக்கிறது.

உறுப்பினர் திட்டங்கள் எல்லாம் ஒரே மாதிரி நாட்டுக்குள் அடைந்து கிடப்பதும் இல்லை. அமேசான் பிரைமும், உறுப்பினர்களுக்கு மட்டும் விற்கும் காஸ்ட்கோ கடைகளும் இரண்டு எதிர் முனைகள். அமேசானில் பிரைம் நாட்டுக்கு நாடு தனி. ஒரு நாட்டுத் தளத்தில் பிரைம் கட்டியிருப்பதால் இன்னொரு நாட்டுத் தளத்தில் இலவச டெலிவரி கிடைக்காது. நுழையும் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் ஒன்றாகவே இருப்பதால், உறுப்பினர் தகுதியும் ஒன்று என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். புது நாட்டில் பிரைம் சேர்ந்துவிட்டு, பழைய நாட்டில் ஆண்டுச் சந்தா தானாகப் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருப்பதைக் கவனிக்காத நண்பர்கள் எனக்குண்டு. கிளம்பும் முன்பே பழைய தளத்தில் போய் ஆட்டோ ரினியூவலை நிறுத்திவிடுங்கள். நிறுத்தினாலும் கட்டிய காலம்வரை சலுகை தொடரும். காஸ்ட்கோ உறுப்பினர் அட்டையோ உலகில் எந்த நாட்டுக் காஸ்ட்கோ கிடங்கிலும் செல்லும். இப்படிப்பட்டதை அவசரப்பட்டு ரத்து செய்ய வேண்டியதில்லை.

அமேசானின் மின்புத்தகச் சேவையான கிண்டில் இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அமேசான் கணக்கில் கிண்டிலுக்கென்று நாட்டை மாற்றும் வசதி தனியாக இருக்கிறது. மாற்றினால், விலைக்கு வாங்கிய புத்தகங்கள் பெரும்பாலும் கூடவே வந்துவிடும். கிண்டில் அன்லிமிடெட் போன்ற சந்தாக்கள் வராது, புது நாட்டில் புதிதாகச் சேர வேண்டும். படிக்கிற பழக்கம் உள்ளவர்கள் மாற்றும் முன் தங்கள் புத்தகங்களையெல்லாம் கருவியில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

சரி, நான் அதிகம் சொல்ல விரும்பும் பகுதிக்கு வருகிறேன். ஆப் ஸ்டோர், கூகுள் பிளே என்ற இரண்டு கடைகள்தான் மற்றச் சந்தாக்களில் பலவற்றைத் தாங்கி நிற்கின்றன. இசை, சேமிப்பிடம், செய்தித்தாள், மொழி கற்கும் ஆப் என்று எதை வாங்கினாலும் பலவற்றின் பணம் இந்தக் கடைகள் வழியாகத்தான் போகிறது. அதனால் இங்கே நாட்டை மாற்றும்போது அத்தனையும் ஒன்றாக ஆடும்.

ஆப்பிள் கணக்கின் நாட்டை மாற்ற அந்த நிறுவனம் கேட்பவை இவை: கணக்கில் மீதிப் பணம் இருக்கக் கூடாது. நடப்பில் உள்ள சந்தாக்களை ரத்து செய்து, கட்டிய காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். வாடகைக்கு எடுத்த படமோ முன்பதிவோ பாக்கி இருக்கக் கூடாது. புது நாட்டில் செல்லும் கார்டும் முகவரியும் வேண்டும். குடும்பப் பகிர்வில் இருப்பவர்களால் பல சமயம் அந்தக் குழுவை விட்டு வெளியே வந்தால்தான் மாற்ற முடியும். இதில் "காலம் முடியும்வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். போன மாதம்தான் ஆண்டுச் சந்தா கட்டினீர்கள் என்றால், ரத்து செய்தபின்னும் பதினோரு மாதம் அது உயிரோடு இருக்கும். நாடு மாறும் எண்ணம் வந்தவுடனேயே ஆண்டுச் சந்தாக்களை மாதச் சந்தாவாக மாற்றுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். மாதக் கட்டணம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், இருக்கட்டும். அந்தச் சில மாதங்களுக்கு அது தரும் சுதந்திரம் பெரியது. கணக்கில் மிஞ்சிய பணம் எந்தப் பொருளையும் வாங்க முடியாத அளவு சிறியது என்றால், ஆப்பிளின் உதவிப் பிரிவைக் கூப்பிட்டால் தீர்த்துவைப்பார்கள். அதற்காக உட்கார்ந்து கவலைப்பட வேண்டாம்.

விலைக்கு வாங்கிய படங்களும் பாடல்களும் புது நாட்டுக் கடையில் இல்லாமல் போகலாம். அப்போது அவற்றைத் திரும்ப இறக்க முடியாது. நாட்டை மாற்றும் முன்பே கணினியில் இறக்கி வைத்துவிட வேண்டும்.

கூகுள் பிளேயில் படிகள் குறைவு, ஆனால் கட்டுப்பாடு வேறு விதம். மாற்றும்போது நீங்கள் புது நாட்டில் இருக்க வேண்டும், அந்நாட்டுக் கார்டு வேண்டும். ஒருமுறை மாற்றினால் அடுத்த ஒரு வருடத்துக்கு மறுபடி மாற்ற முடியாது. பழைய நாட்டில் ஏற்றிவைத்த பேலன்ஸைப் புது நாட்டில் செலவழிக்கவும் முடியாது. ஆறு மாத ஒப்பந்த வேலைக்குப் போகிறவர் ஆர்வத்தில் நாட்டை மாற்றிவிட்டு ஊர் திரும்பினால், வருடம் நிறையும்வரை அந்நிய நாட்டுக் கடையோடுதான் காலம் தள்ள வேண்டும். ஒரு வருடத்துக்குக் குறைவான வேலை என்றால் எந்தக் கடையிலும் நாட்டை மாற்றாதீர்கள் என்பதே என் அழுத்தமான கருத்து.

பிறகு எப்படிச் சமாளிப்பது? இரண்டாவது கணக்குத்தான் வழி. நாங்கள் ஒரு முறை நாடு மாறியபோது நான் முதலில் போனேன், குடும்பம் சில மாதம் கழித்து வந்தது. சேமிப்பிடம், இசை, பிள்ளைகளின் ஆப்கள் எல்லாம் குடும்பக் குழுவில் இருந்தன. ஆப்பிளில் குடும்பக் குழுவினர் எல்லோருடைய கணக்கும் ஒரே நாட்டில் இருக்க வேண்டும். கூகுளிலும் குழுவினர் குழு மேலாளரின் நாட்டிலேயே வாழ்பவர்களாக இருக்க வேண்டும். நான் மட்டும் மாறினால் குழு உடையும். அதனால் குடும்பம் வந்து சேரும்வரை முதன்மைக் கணக்கைத் தொடவே இல்லை. புது நாட்டு வங்கி ஆப், பேருந்து ஆப், அரசு ஆப் ஆகியவற்றுக்கு மட்டும் அந்நாட்டுப் பெயரில் ஒரு தனிக் கணக்குத் தொடங்கினேன். ஐபோனில் ஐகிளவுடுக்கு ஒரு கணக்கு, ஆப் வாங்குவதற்கு வேறொரு கணக்கு என்று வைத்துக்கொள்ள முடியும். புகைப்படங்களும் தொடர்பு எண்களும் இருந்த இடத்தில் இருக்கும், கடை மட்டும் மாறும். ஆண்ட்ராய்டில் இரண்டாவது கூகுள் கணக்கைச் சேர்த்துவிட்டு பிளே ஸ்டோருக்குள் மாறி மாறிப் போகலாம். ஐபோனில் ஓர் ஆப் எந்தக் கணக்கில் இறங்கியதோ அந்தக் கணக்கின் கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும்போதும் கேட்கும். இரண்டு கடவுச்சொல்லையும் பத்திரமாக வைத்திருங்கள்.

குடும்பம் வந்தபின்னும் பழைய நாட்டுக் கடையை நாங்கள் முழுதாக விட்டுவிடவில்லை. அங்கே வங்கிக் கணக்கும் காப்பீடும் இருக்கின்றன, அந்த ஆப்கள் அந்நாட்டுக் கடையில் மட்டும்தான் கிடைக்கின்றன. அதனால் இப்போது கணக்குகளின் பங்கு தலைகீழாக மாறிவிட்டது: முதன்மைக் கணக்கு புது நாட்டில், இரண்டாவதாகப் புதிதாகத் தொடங்கிய ஒன்று பழைய நாட்டில். அந்த இரண்டாவதில் கார்டே இல்லை. இலவச ஆப்களுக்குக் கார்டு தேவைப்படாது.

சேமிப்பிடச் சந்தாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றவை நின்றால் பொழுதுபோக்கு போகும், இது நின்றால் நம் நினைவுகளுக்கே ஆபத்து. ஐகிளவுடில் இலவச இடம் 5 ஜிபி, கூகுளில் 15 ஜிபி. கட்டணச் சந்தா நின்று, இருப்பது இந்த அளவைத் தாண்டினால் புதுப் படங்கள் ஏறாது, பேக்கப் நடக்காது. கூகுளில் அந்த 15 ஜிபியை ஜிமெயிலும் பங்குபோடுகிறது. அளவு தாண்டியபின் மின்னஞ்சல் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. விசா அலுவலகத்தின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில் மின்னஞ்சல் நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். நாட்டை மாற்றத் தொடங்கும் முன் ஒரு வெளி ஹார்டு டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகலெடுத்துவிடுங்கள். இதை மட்டும் யாரும் தள்ளிப்போடக் கூடாது.

இனி ஓடிடி. நெட்ஃபிளிக்ஸ் 190க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. அந்த நாடுகளில் எங்கே போனாலும் பெரும்பாலும் கணக்கு வேலை செய்யும், ஆனால் பட்டியல் நீங்கள் இருக்கும் நாட்டுக்கு ஏற்றபடி மாறும். பில் மட்டும் சேர்ந்த நாட்டின் நாணயத்திலேயே வந்துகொண்டிருக்கும். நிரந்தரமாகக் குடிபெயர்ந்தால், ரத்து செய்து கட்டிய காலம் முடிந்தபின் புது நாட்டில் திரும்பச் சேருவதுதான் முறை. அதே மின்னஞ்சலோடு சேர்ந்தால் ப்ரொஃபைல்களும் பார்த்த வரலாறும் சில மாதங்களுக்கு அப்படியே காத்திருக்கும். தாய்மொழியில் ஆடியோவோ சப்டைட்டிலோ காணவில்லை என்று பலர் வருத்தப்படுவதுண்டு. இருக்கும் இடத்துக்கும் மொழி அமைப்புக்கும் பொருத்தமான சில மொழிகளைத்தான் அது முதலில் காட்டும். ப்ரொஃபைலின் மொழியை மாற்றிப் பார்த்தால் சில சமயம் அது வெளியே வரும். உரிமையே இல்லாத இடத்தில் என்ன செய்தாலும் வராது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வாழ்பவர்களுக்கு ஒரு நல்ல சட்டம் இருக்கிறது. 2018 ஏப்ரல் 1 முதல், பணம் கட்டிய ஓடிடி, இசை, விளையாட்டுச் சந்தாக்களை ஒன்றியத்தின் வேறொரு நாட்டுக்குத் தற்காலிகமாகப் போகும்போதும் சொந்த நாட்டில் கிடைத்ததைப் போலவே தர வேண்டும், அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது. தற்காலிகம் என்றால் எத்தனை நாள் என்று சட்டம் எண்ணிச் சொல்லவில்லை. விடுமுறை, படிப்பு, வேலைப் பயணம் எல்லாம் இதில் அடங்கும். குடிபெயர்ந்துவிட்டால் இது பொருந்தாது. இலவசச் சேவைகளுக்கு இது கட்டாயமும் இல்லை. பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் 2021 தொடக்கத்திலிருந்து அங்குள்ளவர்களுக்கு இந்த உரிமை இல்லை.

நேரலை விளையாட்டு இன்னும் கறாரானது. அதன் உரிமை நாட்டுக்கு நாடு வேறு வேறு கைகளில் இருக்கிறது, போட்டித் தொடருக்குப் போட்டித் தொடர் கைமாறவும் செய்கிறது. புது நாட்டில் உங்களுக்குப் பிடித்த போட்டியை யார் காட்டுகிறார்கள் என்று பார்த்து, அந்தப் பருவத்துக்கு மட்டும் மாதச் சந்தா எடுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம்.

இசையில் சிக்கல் குறைவு. ஸ்பாட்டிஃபை பிரீமியம் வெளிநாட்டிலும் தொடர்ந்து ஓடும். இலவசக் கணக்கென்றால் வெளிநாட்டில் ஒரே மூச்சில் 14 நாட்களுக்குமேல் கேட்க முடியாது, நாட்டை மாற்றச் சொல்லும். அதன் ஃபேமிலி பிளானில் எல்லோரும் ஒரே முகவரியில் வாழ வேண்டும் என்பது விதி. யூடியூப் பிரீமியத்தின் குடும்பத் திட்டத்திலும் அப்படித்தான். வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கும் வீட்டில் இருக்கும் பெற்றோருக்கும் ஒரே பிளான் என்பது இந்த விதிகளுக்குள் வராது. மாணவர் என்றால் அந்த நாட்டிலேயே மாணவர் சலுகை இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத் திட்டத்தில் ஒட்டிக்கொண்டிருப்பதைவிடப் பல நேரம் அதுவே நிம்மதி.

விலை குறைந்த நாட்டில் இருப்பதுபோல், இருப்பிடத்தை மறைக்கும் விபிஎன் போட்டுச் சந்தா வாங்கலாமே என்ற யோசனை எல்லோருக்கும் ஒரு தடவையாவது வருகிறது. செய்பவர்கள் நிறைய. 2024-இல் யூடியூப், பதிவு செய்த நாடும் உண்மையில் வாழும் நாடும் பொருந்தாத பிரீமியம் சந்தாக்களை ரத்து செய்யத் தொடங்கியது. கேம் விளையாடுபவர்களுக்கு, கேம் விற்கும் ஸ்டீம் தளம் தெரிந்திருக்கும். அங்கே நாட்டை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்குமேல் மாற்ற முடியாது, புது நாட்டின் கட்டண முறை வேண்டும். சேமிக்கும் தொகையைவிட இழக்கும் வாய்ப்பு பெரியது என்பது என் கணிப்பு. பல வருடங்களாகச் சேர்த்த கேம்களும் பாட்டுப் பட்டியல்களும் உள்ள கணக்கை ஒரு சின்னத் தொகைக்காகப் பணயம் வைக்க எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் உண்மையிலேயே வாழும் நாட்டின் விலை குறைவாக இருந்தால் அதை முழு உரிமையோடு அனுபவியுங்கள், அது வேறு.

பரிசு அட்டைகளையும் பார்த்து வாங்குங்கள். ஆப்பிள், கூகுள் பிளே கிஃப்ட் கார்டுகள் எந்த நாட்டில் விற்கப்பட்டனவோ அந்த நாட்டுக் கணக்கில்தான் ஏறும். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குப் பிறந்தநாள் பரிசு என்று அன்போடு வாங்கி அனுப்புகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

பணம் கட்டும் விஷயத்தில் சந்தாவை நிறுத்திவிடுவது பெரும்பாலும் ஓடிபிதான். பழைய நாட்டு எண்ணுக்கு ஓடிபி போகும், அந்த சிம்மோ ரீசார்ஜ் இல்லாமல் செத்திருக்கும். இந்தியக் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ரிசர்வ் வங்கியின் இ-மேண்டேட் (கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்க நாம் தரும் அனுமதி) விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. அதன்படி, தானாகப் பணம் எடுக்கும் முன் 24 மணி நேரத்துக்கு முன்பே வங்கி அறிவிக்க வேண்டும், முதல் தடவை கூடுதல் சரிபார்ப்பு வேண்டும், குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால் ஒவ்வொரு முறையும் வேண்டும். அந்த வரம்பு அப்போது 5,000 ரூபாயாக இருந்து 2022 ஜூனில் 15,000 ரூபாயாக உயர்ந்தது. மேண்டேட் பதிவாகாத பழைய சந்தாக்கள் அந்த அக்டோபரில் சத்தமில்லாமல் நின்றுபோயின. வெளிநாட்டில் இருந்துகொண்டு இந்தியக் கார்டில் கட்டுபவர்கள், மேண்டேட் எந்தச் சந்தாவுக்கு இருக்கிறது என்று வங்கி ஆப்பில் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கைபேசி எண்ணுக்காக நான் செய்துவைத்த ஏற்பாட்டை அப்படியே சொல்கிறேன். பழைய எண்ணை மிகக் குறைந்த கட்டணத் திட்டத்துக்கு மாற்றி, ரோமிங்கில் குறுஞ்செய்தி வருகிறதா என்று நாட்டை விட்டுக் கிளம்பும் முன்பே நிறுவனத்திடம் உறுதி செய்துகொண்டேன். அதை இ-சிம் ஆக மாற்றியதால் புது நாட்டு சிம்மும் அதே போனில் இருக்க முடிந்தது. அப்புறம், எந்தெந்தக் கணக்கில் முடியுமோ அதிலெல்லாம் இரண்டாம் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியிலிருந்து, போனிலேயே குறியீடு தரும் அத்தென்டிகேட்டர் ஆப்புக்கு மாற்றினேன். மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதிப் பாஸ்போர்ட்டோடு வைத்தேன். இது ஒரு மாலை நேர வேலை. பழைய எண் இருக்கும்போது செய்தால் சுலபம், எண் போனபின் செய்வது பெரும்பாடு.

ஜிம், செய்தித்தாள், இணைய இணைப்பு போன்ற ஒப்பந்தங்களில் நாட்டுக்கு நாடு சட்டமே வேறு. ஜெர்மனியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே போகிறவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள். முன்பெல்லாம் குறித்த காலத்துக்குள் நோட்டீஸ் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் இன்னொரு வருடத்துக்குத் தானாக நீளும். 2022 மார்ச் 1 முதல் போடும் ஒப்பந்தங்களில், முதல் காலம் முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் ஒரு மாத நோட்டீஸில் வெளியே வரலாம். அதே வருடம் ஜூலை 1 முதல், இணையத்தில் சந்தா விற்பவர்கள் ரத்து செய்யும் பட்டனையும் இணையத்திலேயே வைக்க வேண்டும். ஆனால் முதல் காலத்துக்குள் நாட்டை விட்டுப் போக நேர்ந்தால்? ஜிம் விஷயத்தில் வேலை காரணமாக ஊர் மாறுவது மட்டுமே ஒப்பந்தத்தை இடையில் முறிக்கக் காரணமாகாது என்று அந்நாட்டு உச்ச சிவில் நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்திருக்கிறது. சில ஜிம்கள் நல்லெண்ணத்தில் விடும், கட்டாயம் இல்லை. கையெழுத்துப் போடும் முன், வெளிநாடு போனால் விடுவிப்பார்களா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வதுதான் பாதுகாப்பு.

அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். சேருவது எவ்வளவு சுலபமோ ரத்து செய்வதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்று நாடு முழுவதற்குமாக மத்திய வர்த்தக ஆணையம் 2024-இல் கொண்டுவந்த விதியை, 2025 ஜூலையில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தள்ளுபடி செய்தது. அதனால் நீங்கள் இருக்கும் மாநிலத்தின் சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையத்தில் வாங்கியதை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் திருப்ப உரிமை உண்டு. ஆனால் டிஜிட்டல் உள்ளடக்கத்தை உடனே பார்க்கத் தொடங்கவும் அதனால் உரிமை போவதற்கும் சம்மதம் தந்துவிட்டால் அது போய்விடும். அந்தச் சின்னப் பெட்டியில் டிக் போடும் முன் ஒரு நிமிடம் படியுங்கள்.

ஐரோப்பாவில் நாங்கள் ஒரு நாட்டை விட்டுக் கிளம்பியபின், முறைப்படி ரத்து செய்து ஒப்புதல் கடிதமும் வாங்கிய ஓர் உறுப்பினர் கட்டணம் எங்கள் வங்கிக் கணக்கிலிருந்து மறுபடி எடுக்கப்பட்டது. அங்கே செபா என்ற ஐரோப்பிய வங்கிப் பரிமாற்ற முறையில் நேரடியாக எடுக்கப்பட்ட பணத்தை எட்டு வாரத்துக்குள் காரணம் கேட்காமல் வங்கி திருப்பித் தர வேண்டும். நாம் அனுமதியே தராமல் எடுத்திருந்தால் 13 மாதம்வரை கேட்கலாம். வங்கி ஆப்பில் ஒரு பட்டனை அழுத்தியதும் பணம் வந்துவிட்டது. இது நடந்ததற்குக் காரணம், கிளம்பும் நாளிலேயே அந்த வங்கிக் கணக்கை மூடாமல் சில மாதம் திறந்து வைத்திருந்ததுதான். வாடகை முன்பணம், வரியில் திரும்பி வரும் பணம், கடைசிப் பில்கள் எல்லாம் வந்து முடியும்வரை எப்படியும் அது தேவைப்படும். ஒரு விஷயம் மட்டும் மனதில் இருக்கட்டும்: வங்கி பணத்தைத் திருப்பித் தருவதால் ஒப்பந்தம் ரத்தாகிவிடாது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது பணத்தைத் திரும்ப எடுத்தால் கடன் வசூல் நிறுவனத்தின் கடிதம் வரும். ரத்துக்கான ஒப்புதல் கையில் இருந்தால் மட்டும் இதைச் செய்யுங்கள்.

தொழில்முறைச் சங்கங்களில் உறுப்பினராக இருப்பவர்கள் முகவரியை மட்டும் உடனே மாற்றிவிடுவது நல்லது. கணினித் துறையில் ஏசிஎம், பொறியியலில் ஐஇஇஇ போன்ற அமைப்புகளின் சந்தா, வாழும் நாட்டைப் பொறுத்து வேறுபடும். வளரும் நாடுகளில் இருப்பவர்களுக்குச் சலுகைக் கட்டணங்கள் உண்டு. ஊர் திரும்புகிறவர்கள் இதைக் கேட்டுப் பெறாமல் பழைய கட்டணத்தையே கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, பழைய நாட்டில் தங்கிவிடும் பெற்றோரைப் பற்றி. நம் குடும்பக் குழுவில் அவர்களும் இருப்பார்கள். பாட்டு கேட்பது, பேரப்பிள்ளைகளின் படங்கள் சேர்வது எல்லாம் அதில்தான் நடக்கும். ஆப்பிளில் குழுவைத் தொடங்கியவர் அந்தப் பொறுப்பை இன்னொருவருக்கு மாற்றித் தர முடியாது. குழுவையே கலைத்துவிட்டுத்தான் புதிதாகத் தொடங்க வேண்டும். கூகுளிலும் மேலாளர் போக வேண்டுமென்றால் குழு கலைய வேண்டும். ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்கு 12 மாதத்தில் ஒரு முறைதான் மாற முடியும். நீங்கள் வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு குழுவைக் கலைத்தால், அங்கே அம்மாவின் போனில் என்ன நின்றது, ஏன் நின்றது என்று தொலைபேசியில் விளக்குவது இருவருக்குமே சிரமம். கிளம்புவதற்கு முன், பக்கத்தில் உட்கார்ந்து, அப்பாவையோ அம்மாவையோ மேலாளராக வைத்து ஒரு தனிக் குழு தொடங்கிக் கொடுங்கள். பணம் அவர்கள் கார்டிலிருந்து போகட்டும், ஓடிபி அவர்கள் எண்ணுக்கு வரட்டும். கட்டணத்தை நீங்கள் மாதாமாதம் அனுப்பிக்கொள்ளலாம். அவர்களுடைய படங்கள் புதுக் குழுவின் சேமிப்பிடத்தில் ஏறி முடிந்துவிட்டனவா என்று பார்த்தபிறகு உங்கள் கணக்கின் நாட்டை மாற்றத் தொடங்குங்கள்.